பிரசவத்துக்குப் பிறகு ஏறிய பிரஷர்: மாத்திரையைப் பாதியாகக் குறைக்கலாமா?

கடிதம் எழுதியிருப்பவருக்கு 29 வயது. தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை. இது முதல் பிரசவம். கர்ப்பகாலம் முழுக்க பிரஷர் இயல்பாகவே இருந்திருக்கிறது. கடைசி செக்கப்பில் 118/76. 38-வது வாரத்தில் சிசேரியன், 2.8 கிலோ எடையில் பெண் குழந்தை. நான்காம் நாள் டிஸ்சார்ஜ் ஆகும்போது பிரஷர் 138/88. "லேசாக் கூடியிருக்கு, தானா சரியாயிடும்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அம்மா வீட்டில் ஏழாம் நாள் கடுமையான தலைவலி, கண் முன்னே பூச்சி பறப்பது போன்ற மினுக்கம். முதுகில் போட்ட ஊசியால் வந்தது என்று ஒருவர் சொல்ல, தலைக்கு ஊற்றியதால் நீர் கோத்துக்கொண்டது என்று இன்னொருவர் சொல்ல, மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டுப் படுத்திருக்கிறார். மறுநாள் 168/110. இரண்டு நாள் மருத்துவமனையில் இருந்து, வலிப்பு வராமல் தடுக்கும் மெக்னீசியம் ஊசி போட்டுக்கொண்டு, நிஃபெடிபின் ரிட்டார்ட் 20 மி.கி., லேபெட்டலால் 100 மி.கி. இரண்டையும் காலை, இரவு என்று எழுதி வாங்கி வந்திருக்கிறார்.

இப்போது 24-ஆம் நாள். "பிரஷர் மாத்திரை பழகிட்டா ஆயுசுக்கும் விட முடியாது, பாலும் வத்திடும்" என்று பார்க்க வந்த மாமியார் சொன்னதால், அம்மா நான்கு நாளாக நிஃபெடிபின் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கிறார். போட்ட ஒரு மணி நேரத்தில் முகம் எரிகிறது, நெஞ்சு படபடக்கிறது, எழுந்தால் தலை சுற்றுகிறது. சாயங்காலம் மணிக்கட்டில் கட்டும் மெஷினில் 146/94, 152/98 என்று காட்டுகிறது. ஒரு நாள் இரவு குழந்தை அழுதுகொண்டிருந்தபோது 158/100. பயத்தில் ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து முறை பார்க்கிறார். மாத்திரை குழந்தைக்குக் கெடுதலா, தலைவலி ஊசியால் வந்ததா, லேகியமும் பத்தியமும் சாப்பிடலாமா, இந்த பிரஷர் ஆயுளுக்கும் இருக்குமா, அடுத்த குழந்தை பெறலாமா என்று கேட்டிருக்கிறார்.

சகோதரி, கேள்விகளுக்குப் போகும் முன் இன்றைக்குச் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். நிஃபெடிபின் மாத்திரையை இனி உடைக்காதீர்கள். எழுதிக் கொடுத்த அளவில், முழுசாக, நேரத்துக்கு விழுங்குங்கள். விட்டுப்போனதை ஈடுகட்ட இரண்டாகச் சேர்த்துப் போட வேண்டாம். இன்றோ நாளையோ உங்கள் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். நான்கு நாளாகப் பாதி மாத்திரைதான் போட்டீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். அதைச் சொல்லாமல் சாயங்கால அளவுகளை மட்டும் காட்டினால், 'இத்தனை மருந்துக்கும் இறங்கவில்லையே' என்று நினைத்து அவர் டோஸைக் கூட்டிவிடுவார். அப்புறம் முழுசாகப் போடும்போது பிரஷர் அளவுக்கு மீறி இறங்கும்.

அந்தப் பாதி மாத்திரை

நிஃபெடிபின் ரிட்டார்ட் மாத்திரை, மருந்தை மணிக்கணக்கில் மெதுமெதுவாக வெளிவிடும்படி செய்யப்பட்டது. உடைத்தாலோ கடித்தாலோ அந்த அமைப்பு குலைந்துபோகும். உள்ளே இருப்பது ஒரே மூச்சில் ரத்தத்தில் கலக்கும். ரத்தக் குழாய்கள் திடீரென்று விரிவதால் முகம் சிவந்து எரியும். அதைச் சமாளிக்க இதயம் வேகமாக அடிக்கும். எழுந்து நின்றால் தலை சுற்றும். மருந்து சீக்கிரமே தீர்ந்துவிடுவதால் சாயங்காலம் பிரஷர் மறுபடி ஏறும். நீங்கள் எழுதியிருப்பது வரிக்கு வரி இதுதான். மருந்தைக் குறைத்தால் பக்கவிளைவும் குறையும் என்று அம்மா நினைத்தது இயல்பு. இந்த மாத்திரையில் மட்டும் அது நேர்மாறாகப் போகும். இன்னொன்று: வெளிச்சம் பட்டால் நிஃபெடிபினின் வீரியம் குறையும். உடைத்த மிச்சத்தைக் கிண்ணத்தில் மூடி வைத்திருந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். விழுங்கும் வரை மாத்திரை அட்டையிலேயே இருக்கட்டும்.

முழு மாத்திரை போட்டாலும் முதல் சில நாள் லேசான தலைபாரம், முகச் சூடு, இரண்டு கணுக்காலிலும் வீக்கம் வரலாம். பெரும்பாலும் ஒரு வாரத்தில் பழகிவிடும். தாங்க முடியாவிட்டால் வேறு மருந்துக்கு மாற்ற முடியும். நீங்களாக நிறுத்த வேண்டியதில்லை. ஒரு காலில் மட்டும் கெண்டைச்சதை வீங்கி வலித்தால் அது மருந்தால் வந்ததல்ல, ரத்தக் கட்டியாக இருக்கலாம். அன்றே காட்ட வேண்டும். லேபெட்டலால் எழுந்திருக்கும்போது தலை சுற்ற வைக்கும். படுக்கையிலிருந்து எழும்போது ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுங்கள். தலைக்கு வெந்நீர் ஊற்றும்போது முக்காலியில் உட்காருங்கள், குளியலறைத் தாழ்ப்பாளைப் போடாதீர்கள். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு லேபெட்டலால் ஆகாது. உங்களுக்கு இளைப்பு வந்த வரலாறு உண்டா என்று கடிதத்தில் இல்லை. இருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

'பழகிவிடும்' என்ற பயத்துக்கு வருவோம். பிரஷர் மாத்திரைக்கு உடம்பு அடிமையாவதில்லை. வயதானவர்கள் ஆயுள் முழுக்கப் போடுவதற்குக் காரணம், அவர்களுடைய பிரஷர் ஆயுள் முழுக்க இருப்பதுதான். உங்களுடையது பிரசவத்தை ஒட்டி வந்தது. பெரும்பாலானவர்களுக்கு ஆறு வாரத்தில் இறங்கிவிடும், சிலருக்கு 12 வாரம் வரை இழுக்கும். அளவுகள் தொடர்ந்து 140/90-க்குக் கீழே வந்ததும் மருத்துவர் டோஸைக் குறைக்க யோசிப்பார். 130/80-க்குக் கீழே இறங்கினால் குறைத்தே ஆக வேண்டும். ஒவ்வொன்றாகக் குறைத்து, ஒவ்வொரு படியிலும் சில நாள் பார்த்துவிட்டு அடுத்த படி. மேல் எண் 110-க்குக் கீழே போய் மயக்கமாக இருந்தால், அடுத்த வேளை மாத்திரைக்கு முன்பே போன் செய்து கேளுங்கள்.

பிறந்த பிறகு ஏன் ஏறுகிறது?

குழந்தையும் நஞ்சுக்கொடியும் வெளியே வந்துவிட்டால் பிரஷர் அத்தியாயம் முடிந்தது என்று வீட்டில் நினைப்பார்கள். சில மருத்துவமனைகளிலும் அப்படித்தான் நடந்துகொள்கிறார்கள் என்பது என் வருத்தம். கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவு ஏறத்தாழ பாதி கூடியிருக்கும். கால், முகம், கை எல்லாவற்றிலும் நீர் தங்கியிருக்கும். பிரசவமான பிறகு அந்த நீரெல்லாம் ரத்தத்துக்குத் திரும்புகிறது. சிசேரியனுக்கு ஏற்றிய டிரிப்ஸும் சேர்ந்துகொள்ளும். சிறுநீரகம் அதை வெளியேற்றி முடிக்கச் சில நாள் ஆகும். அதனால்தான் பிரசவமான 3 முதல் 6 நாளுக்குள் பிரஷர் உச்சத்துக்குப் போகிறது. நம்மூரில் தையலைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்புவதும் அதே நாட்களில்தான். ஏறுவது வீட்டுக்குப் போன பிறகு என்பதால் யார் கண்ணிலும் படுவதில்லை. நான்காம் நாள் 138/88 என்பது உங்களுக்கு ஏறுமுகத்தின் ஓர் இடம். இரண்டு நாள் கழித்து வந்து பார்க்கச் சொல்லியிருக்க வேண்டும்.

நஞ்சுக்கொடியிலிருந்து வந்த சில பொருட்கள் ரத்தக் குழாயின் உட்சுவரைப் பாதித்திருந்தால், நஞ்சுக்கொடி போன பிறகும் அந்தப் பாதிப்பு சில வாரம் நீடிக்கும். ப்ரீ-எக்லாம்ப்சியா என்கிற இந்த நோய் கர்ப்பத்தில் தலைகாட்டாமல் பிரசவத்துக்குப் பிறகு முதல் முறையாக வரலாம், ஆறு வாரம் வரைக்கும் வரலாம். தலைவலி, கண் மினுக்கம், 168/110 மூன்றும் சேர்ந்து வந்ததால்தான் மெக்னீசியம் போட்டார்கள். கிராமத்தில் பிரசவ ஜன்னி என்று சொல்லும் வலிப்பு அடுத்த படியாக வந்திருக்கலாம். சரியான நேரத்துக்குப் போய்விட்டீர்கள்.

அந்தத் தலைவலி ஊசியாலா?

முதுகு ஊசியால் வரும் தலைவலிக்குத் தெளிவான அடையாளம் உண்டு. பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று நாளிலேயே தொடங்கும்; உட்கார்ந்தால், நின்றால் சில நிமிடத்தில் கூடும்; மல்லாந்து படுத்தால் சட்டென்று குறையும். உங்களுக்குத் தொடங்கியது ஏழாம் நாள், படுத்தும் குறையவில்லை, கண்ணில் மினுக்கமும் இருந்தது. அது பிரஷர் தலைவலி. தலைக்கு ஊற்றியதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

இனி தலைவலி வந்தால் முதலில் பிரஷரைப் பாருங்கள், பிறகு மாத்திரை. பாரசிட்டமால் 500 அல்லது 650 மி.கி. போடலாம், ஆறு மணி நேர இடைவெளி விட்டு, ஒரு நாளைக்கு நான்குக்கு மேல் வேண்டாம். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் வகை மருந்துகள் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கும். சிசேரியன் வலிக்கு அவற்றைக் கொடுப்பது வழக்கம்தான், பலருக்கு ஒன்றும் செய்யாது. ஆனால் பிரஷர் கட்டுக்குள் வராமல் இருக்கும்போதும், சிறுநீரகமோ, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களோ பாதிக்கப்பட்டிருக்கும்போதும் தவிர்ப்பதே நல்லது. மெடிக்கலில் சளிக்குக் கொடுக்கும் கூட்டு மாத்திரைகளிலும் கவனம் தேவை. மூக்கடைப்பை நீக்க அவற்றில் சேர்க்கும் ஃபினைலெஃப்ரின் பிரஷரை ஏற்றும்.

பிரசவித்தவளுக்குத் தலைவலி என்றால் யோசிக்க வேண்டிய மூன்றாவது காரணம் ஒன்று இருக்கிறது: மூளையின் சிரைகளில் ரத்தம் உறைவது. விடாத தலைவலியோடு வாந்தி, ஒரு பக்கக் கை கால் பலவீனம், பேச்சுக் குழறல் வந்தால் ஸ்கேன் எடுத்தாக வேண்டும். உடம்பில் நீர் வற்றுவது இதற்கு ஒரு தூண்டுதல். 'பச்சை உடம்புக்காரி தண்ணி குடிச்சா வயிறு போட்டுடும்' என்று தண்ணீரை அளந்து கொடுக்கும் வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். பிரஷர் இருப்பதால் தண்ணீரைக் குறைக்க வேண்டும் என்பதும் தவறு. பால் கொடுப்பவர் தாகத்துக்குக் குடிக்க வேண்டும். நம்மூர் வெயிலில் அது இரண்டரை, மூன்று லிட்டர் வரை போகும். மூச்சுத் திணறல் உள்ளவர்களுக்கு மட்டும் மருத்துவர் வேறு கணக்குச் சொல்வார்.

பாலும் குழந்தையும்

நிஃபெடிபின், லேபெட்டலால் இரண்டும் தாய்ப்பாலில் மிகச் சிறிய அளவில்தான் கலக்கின்றன. பால் கொடுக்கும் தாய்களுக்கு முதலில் தேர்ந்தெடுக்கப்படும் மருந்துகள் இவைதான். எனலாப்ரில், அம்லோடிபின் இரண்டும் தேவைப்பட்டால் கொடுக்கலாம். எனலாப்ரில் தொடங்கும்போது, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினும் பொட்டாசியமும் ரத்தத்தில் பார்த்துக்கொள்வார்கள். அட்டெனலால் பாலில் கூடுதலாகச் சேரும், அதனால் தவிர்க்கிறோம். கர்ப்பத்தில் வழக்கமாகக் கொடுக்கும் மெத்தில்டோபாவைப் பிரசவத்துக்குப் பிறகு நிறுத்தி மாற்றுவதும் நல்ல வழக்கம், அது மனச்சோர்வைக் கூட்டக்கூடும். உங்கள் பட்டியலில் அது இல்லை. உறவில் யாராவது 'எனக்கு இதுதான் கொடுத்தாங்க' என்று தம் மாத்திரையை நீட்டினால் வாங்க வேண்டாம் என்பதற்காகச் சொன்னேன்.

பால் குறைந்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்திலேயே அதற்குப் பதில் இருக்கிறது: 22-ஆம் நாள் தடுப்பூசி அட்டையில் குழந்தையின் எடை 3.2 கிலோ. பிறந்த குழந்தை முதல் சில நாளில் கொஞ்சம் இளைத்து, இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடையைத் தொட வேண்டும். அதற்குப் பிறகு நாளுக்கு 20 முதல் 30 கிராம் ஏற வேண்டும். உங்கள் மகள் 2.8-லிருந்து 3.2-க்கு வந்திருக்கிறாள். நாளுக்கு ஆறு முறைக்கு மேல் சிறுநீர் போனால் பால் போதுமானது. மூன்றாம் வாரத்தில் மார்பு முன்போல் கட்டிக்கொள்ளாமல் தளர்ந்திருப்பதைப் பார்த்து 'வத்திடுச்சு' என்பார்கள். குழந்தை குடிக்கும் அளவுக்குச் சுரப்பு ஒத்துப்போவதன் அடையாளம் அது. குழந்தை எழுப்பினாலும் எழாமல் தூங்கி வழிந்தால், பால் குடிக்காமல் துவண்டால் மட்டும் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். நீங்கள் போடும் மருந்தின் பெயரையும் சொல்லுங்கள்.

மெஷினை எப்படிப் பார்ப்பது

மணிக்கட்டு மெஷின் இதய மட்டத்திலிருந்து கொஞ்சம் இறங்கினாலே கூட்டிக் காட்டும். மடியில் கை, கையில் குழந்தை என்று பார்த்தால் அந்த எண்ணை நம்பவே முடியாது. மேல்கையில் கட்டும் மெஷின் வாங்குங்கள். வாங்கும் முன் தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் கையின் சுற்றளவை டேப்பால் அளந்துகொள்ளுங்கள். பெரும்பாலான மெஷின்களோடு வரும் பட்டை 22 முதல் 32 செ.மீ. கைக்கானது. உங்கள் கை அதைவிடப் பருமன் என்றால் பெரிய பட்டை கேட்டு வாங்க வேண்டும். சின்னப் பட்டையை இறுக்கிக் கட்டினால் இல்லாத பிரஷரைக் காட்டும். அடுத்த செக்கப்புக்கு மெஷினையும் எடுத்துப் போய், அங்கே பார்க்கும் அளவோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

காலை மாத்திரைக்கு முன், மாலை ஆறு ஏழு மணிக்கு, ஆக இரண்டு வேளை போதும். சிறுநீர் கழித்துவிட்டு வாருங்கள். காபி குடித்திருந்தால் அரை மணி நேரம் போகட்டும். குழந்தையை வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டு, முதுகு சாய்த்து நாற்காலியில் உட்கார்ந்து, பாதம் இரண்டும் தரையில் படும்படி, கால் மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் சும்மா இருங்கள். கையை மேசையில் இதய மட்டத்துக்கு நீட்டி வையுங்கள், நைட்டியின் கைக்கு மேல் பட்டையைக் கட்டாதீர்கள். பேசாமல் ஒரு முறை பாருங்கள், ஒரு நிமிடம் விட்டு இன்னொரு முறை. இரண்டையும் தேதி, நேரத்தோடு நோட்டில் எழுதுங்கள். குழந்தை வீறிட்டு அழும்போது பார்த்த 158/100 உங்களைப் பயமுறுத்த மட்டுமே பயன்பட்டது. ஆனால் சாயங்காலத்து 146-ம் 152-ம் அப்படித் தள்ளிவிடக் கூடியவை அல்ல. அமைதியாக உட்கார்ந்து பார்த்தும் 150/100-ஐத் தொட்டால் அன்றே அல்லது மறுநாளே மருத்துவரிடம் பேச வேண்டும்.

எப்போது உடனே கிளம்ப வேண்டும்

மேல் எண் 160 அல்லது கீழ் எண் 110, இரண்டில் எது வந்தாலும் 15 நிமிடம் விட்டு மறுபடி பாருங்கள். குறையவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். எண் அதற்குக் கீழே இருந்தாலும் பின்வருவனவற்றில் ஒன்று வந்தால் கிளம்புங்கள்:

- பாரசிட்டமாலுக்குக் கேட்காத தலைவலி, கண் மங்கல், பூச்சி பறப்பது
- வலது விலாவுக்குக் கீழே அல்லது மேல்வயிற்றில் வலி, கூடவே வாந்தி
- படுத்தால் மூச்சு முட்டுவது, நெஞ்சுவலி, இரவில் மூச்சுத் திணறி எழுந்து உட்காருவது
- சிறுநீர் மிகவும் குறைவது, முகம் திடீரென்று வீங்குவது
- பேச்சு தடுமாறுவது, குழப்பம், வலிப்பு

மூச்சு முட்டுவதைத் தனியாகச் சொல்ல வேண்டும். பிரசவத்தை ஒட்டி இதயத் தசை பலவீனமாகும் நோய் ஒன்று உண்டு. 'சிசேரியன் ஆன உடம்பு, அப்படித்தான் இருக்கும்' என்று அதைக் களைப்பாக எடுத்துக்கொண்டு விடுகிறார்கள்.

மருத்துவமனைக்குப் போனதும் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம்: "குழந்தை பிறந்து இத்தனை நாள் ஆகிறது." இதை உங்கள் கணவரும் அம்மாவும் மனப்பாடம் செய்துகொள்ளட்டும். கேஷுவாலிட்டிக்கு 160/110 உள்ளவர்கள் தினமும் வருகிறார்கள்; வேறு தொந்தரவு இல்லாத ஐம்பது வயதுக்காரருக்கு அது அவசரம் இல்லை. பிரசவித்து ஆறு வாரம் ஆகாத பெண்ணுக்கு அதே எண் அவசரநிலை, 30 முதல் 60 நிமிடத்துக்குள் மருந்து தொடங்க வேண்டும். கையில் குழந்தை இல்லாமல் தனியே போய் நின்றால் இது அவர்களுக்குத் தெரிய வழியில்லை. முடிந்தவரை மகப்பேறுப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கே போங்கள்.

வீட்டில் வலிப்பு வந்துவிட்டால் இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். வாயில் கரண்டி, தண்ணீர், எதுவும் வேண்டாம். கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதால் வலிப்பு நிற்காது, அந்த நேரத்தில் போனை எடுக்கலாம்.

லேகியம், பத்தியம், உப்பு

பிரசவ லேகியத்தில் இருக்கும் சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் சமையலில் சேரும் அளவில் பிரஷரை ஏற்றுவதாக நான் பயப்படுவதில்லை. கேட்டுப் பார்க்க வேண்டியது அதிமதுரம் சேர்த்திருக்கிறார்களா என்பதைத்தான். அதிமதுரம் தினமும் உள்ளே போனால் உடம்பில் உப்பைத் தேக்கும், பொட்டாசியத்தை வெளியேற்றும், பிரஷரை ஏற்றும். உங்கள் பாட்டி கிளறியது என்றால் அவரிடமே கேளுங்கள், கடை லேகியம் என்றால் டப்பாவில் பாருங்கள். இருந்தால் ஒதுக்கிவிடுங்கள். இல்லையென்றால் சுண்டைக்காய் அளவு உருண்டை சாப்பிடலாம். வெல்லமும் நெய்யும் கிண்ணம் கிண்ணமாக உள்ளே போனால் எடைதான் ஏறும்.

பூண்டுக் குழம்பு தாராளமாகச் சாப்பிடுங்கள், அதை மாத்திரைக்குப் பதிலாக நினைக்காதவரை. உப்பை அறவே நீக்கிய சோறு தேவையில்லை. அப்படிச் சாப்பிட முடியாமல் பட்டினி கிடப்பதுதான் நடக்கும். நாளுக்கு மொத்தம் 5 கிராம், தலைதட்டிய ஒரு டீஸ்பூன் என்பது எல்லோருக்குமான அளவு. உங்கள் வீட்டில் உப்பு எங்கிருந்து வருகிறது என்றால், பால் ஊறும் என்று வாரத்தில் நான்கு நாள் வைக்கும் கருவாட்டுக் குழம்பிலிருந்து. கூடவே தொட்டுக்கொள்ளும் அப்பளம், மோர் மிளகாய், ஊறுகாய். கருவாட்டுக்குப் பதிலாகப் பால்சுறாவைப் புதிதாக வாங்கிப் புட்டு செய்து தரச் சொல்லுங்கள். மாமியாருக்கும் மனம் நோகாது.

நாற்பது நாள் படுக்கையிலேயே இருக்க வேண்டியதில்லை. வீட்டுக்குள் நாளுக்கு மூன்று நான்கு முறை நடப்பது காலில் ரத்தம் உறையாமல் காக்கும். தூக்கம் மட்டும் உங்களுக்கு மருந்து மாதிரி. இரவில் ஒரு வேளைப் பாலைப் பீய்ச்சி வைத்துவிட்டு, அதைக் கணவரோ அம்மாவோ பாலாடையில் புகட்டட்டும். நான்கு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கினால் காலை அளவிலேயே வித்தியாசம் தெரியக்கூடும்.

கடைசியில் சிறியதாக ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: 'கண்ணை மூடினால் செத்துவிடுவேன் போல இருக்கிறது.' இத்தகைய அனுபவத்துக்குப் பிறகு அந்தப் பயம் பலருக்கு வருகிறது. மெஷினைப் பதினைந்து முறை எடுப்பதும் அதனால்தான். இதை மருத்துவரிடம் பிரஷர் எண்ணைச் சொல்வது போலவே சொல்லுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் அழுகை, தூக்கமின்மை, குழந்தை மேல் பிடிப்பில்லாமை தொடர்ந்தால் சிகிச்சை தேவை. பால் கொடுத்துக்கொண்டே போடக்கூடிய மருந்துகள் அதற்கும் இருக்கின்றன. 14416 என்ற டெலி-மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். உங்களையோ குழந்தையையோ ஏதாவது செய்துகொள்ளத் தோன்றினால் அந்த நிமிடமே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

ஆறு வாரம், அடுத்த குழந்தை

ஆறாவது வாரச் செக்கப்பைத் தையல் ஆறியதா என்று பார்ப்பதோடு முடித்துவிடாதீர்கள். பிரஷர், சிறுநீரில் புரதம், கிரியாட்டினின், மருத்துவமனையில் தட்டணுக்களோ கல்லீரல் அளவுகளோ மாறியிருந்தால் அவையும் மறுபடி பார்க்கப்பட வேண்டும். 12 வாரம் கழிந்தும் 140/90-க்கு மேல் நின்றால் அது பிரசவ பிரஷர் இல்லை, முன்பே இருந்து தெரியாமல் போனதாக இருக்கலாம். உங்கள் வயதுக்கு அப்போது சிறுநீரகம், தைராய்டு, அட்ரினல் சுரப்பி ஆகியவற்றில் காரணம் தேட வேண்டும்.

இறங்கிவிட்டாலும் முழுசாக மறந்துவிட முடியாது. கர்ப்பத்தையொட்டி ப்ரீ-எக்லாம்ப்சியா வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் நிரந்தர பிரஷர், மாரடைப்பு, பக்கவாதம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். ஆண்டுக்கு ஒரு முறை பிரஷர், சர்க்கரை, கொழுப்பு பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த குழந்தை தாராளமாகப் பெறலாம். மறுபடி ப்ரீ-எக்லாம்ப்சியா வருவது சுமார் ஆறில் ஒருவருக்கு, அதாவது ஐந்து பேருக்கு வருவதில்லை. இரண்டு வருடமாவது இடைவெளி விடுங்கள். கர்ப்பம் உறுதியானதும் முதல் செக்கப்பிலேயே இந்த வரலாற்றைச் சொல்லுங்கள். 12-வது வாரத்திலிருந்து குறைந்த அளவு ஆஸ்பிரின் தொடங்குவார்கள், 16 வாரம் தாண்டினால் அதன் பலன் குறைந்துவிடும். எனலாப்ரில் போடும் நிலை வந்தால் அதைப் போட்டுக்கொண்டு கருத்தரிக்கக் கூடாது.

இடைவெளிக்கு என்ன வழி என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் தேவை. பால் கொடுத்தால் கரு நிற்காது என்று நம்பி இருந்துவிடாதீர்கள். ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரைகள், அரசு தரும் மாலா-என் உட்பட, இப்போது உங்களுக்கு ஆகாது. பிரஷரை ஏற்றும், பாலையும் குறைக்கும். காப்பர்-டி பிரஷருக்கு எந்தத் தொந்தரவும் தராது. ஹார்மோன் இல்லாத சாயா மாத்திரையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும்.

வேலைக்குத் திரும்புவது பற்றிய கவலைக்கு ஒரு செய்தி. தனியார் நிறுவனத்திலும் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பளத்தோடு கூடிய மகப்பேறு விடுப்பு உண்டு, பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால். கர்ப்பத்தாலோ பிரசவத்தாலோ வந்த நோய்க்கு, சான்று கொடுத்தால் அதற்கு மேல் ஒரு மாதம் வரை சம்பளத்தோடு விடுப்புக் கேட்கவும் சட்டம் இடம் தருகிறது. சான்றிதழில் வெறுமனே 'உயர் ரத்த அழுத்தம்' என்று எழுதி வாங்காதீர்கள். 'பிரசவத்தால் ஏற்பட்ட' என்ற சொல் அதில் இருக்க வேண்டும்.

நாளை மருத்துவரிடம் போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரி இரண்டும், மாத்திரை அட்டைகள், லேகிய டப்பா, மெஷின், அளவு எழுதிய நோட்டு எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள். கிராம சுகாதார செவிலியர் குழந்தையைப் பார்க்க வீட்டுக்கு வரும்போது, உங்கள் கையையும் நீட்டி பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். முடிந்தால் அம்மாவையும் மாமியாரையும் மருத்துவரின் அறைக்குள் கூடவே அழைத்துப் போங்கள். பாதி மாத்திரை ஏன் கூடாது என்பதை அவர்கள் அவர் வாயாலேயே கேட்கட்டும்.